இருபத்துநாலு பாட்டில் தைலமும் ஒரு சோலோவும்

சிங்கப்பூருக்குப் போய்விட்டுத் தைலம் வாங்காமல் திரும்புகிறவனைத் தாம்பரத்தில் யாரும் மனுஷனாக மதிப்பதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சர்ச் பேண்டு அங்கே வாசிக்கப் புறப்பட்டபோது, அம்மா பட்டியலை என் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே செருகிவிட்டாள். ராஜகீழ்ப்பாக்கம் அத்தைக்குப் பத்து, படப்பை சித்திக்குப் பத்து, மாடிவீட்டு ஆன்ட்டிக்கு நாலு. (ஆன்ட்டிக்கு எந்த வலியும் கிடையாது. அடுத்தவருக்குத் தலைவலி கொடுக்கிற ரகம்.)

எனக்கோ வேறு கவலை. அங்கே ஒரு சபையில் நடக்கவிருந்த சாயங்காலக் கச்சேரியில் ட்ரம்பெட் சோலோ எனக்கு. எட்டு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக ஊதியவனுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. ஜெபராஜும் அதற்கு ஆசைப்பட்டான். பேண்டில் எனக்குப் பக்கத்து நாற்காலி, பத்தாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். பேண்டு மாஸ்டர் என் பெயரைச் சொன்னதும், "சூப்பர் மச்சான்" என்று கை கொடுத்தான். அப்புறம் மூன்று நாள் நான்தான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று காலை ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு மணி நேரம் வாசித்தோம். ஊர் சுற்றிப் பார்க்க பஸ் ஏறும்போது மாஸ்டர் என்னை நிறுத்தி, "தம்பி, உதட்டைப் பத்திரமா வச்சுக்கோ. சாயங்காலம் வரைக்கும் ட்ரம்பெட்டை வெளிய எடுக்காத" என்றார்.

எடுத்தேன். தண்ணீர் துப்பும் சிங்கச் சிலைக்கு முன்னால் ஊதுகிற மாதிரி ஒரு வீடியோ இல்லாமல் எப்படி ஊருக்குத் திரும்புவது? உச்சஸ்தாயியில் ஒரு சுரம் பிடித்தேன். சரியாக வரவில்லை, மறுபடி பிடித்தேன். இப்படிப் பதினான்கு தடவை. லிட்டில் இந்தியாவில் தைலம் வாங்கி முடிப்பதற்குள் உதடு வீங்கி இட்லியாகிவிட்டது.

மேடையேற இரண்டு நிமிஷம் இருக்கும்போது என் மூளை வேலை செய்தது. கையில் இருபத்துநாலு பாட்டில் இருக்கிறதே!

"தலைவலிக்குத் தடவுறோம், சளிக்குத் தடவுறோம். உதட்டுக்குத் தடவுனா என்ன?"

"வேணாம் மச்சான், பேஜாராயிடும்" என்றான் ஜெபராஜ்.

தடவினேன். முதல் நிமிஷம் சொர்க்கம். இரண்டாவது நிமிஷம் மேடையின் முன்பக்கம் வந்து நின்றேன். உதட்டில் தீப்பிடித்தது, நெடி கண்ணில் ஏறியது. ஊதினால் 'புஸ்' என்று வெறும் காற்று. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

ஆனால் சோலோ கேட்டது. எனக்குப் பின்னால், நோட்டு ஸ்டாண்டுக்கு மறைவில் தலையைக் குனிந்துகொண்டு ஜெபராஜ் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு சுரம் பிசகவில்லை. தனக்குக் கிடைக்காத சோலோவை மனப்பாடம் செய்து வைத்திருந்தான், படுபாவி. நான் விரலை மட்டும் அசைத்தேன்.

முன்வரிசையில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். "தம்பி எப்படி உருகி வாசிச்சார் பாத்தீங்களா!" என்று அந்தச் சபைப் போதகர் தழுதழுத்தார். சபையே எழுந்து கைதட்டியது. நியாயமாக நான் ஜெபராஜைக் கைகாட்டியிருக்க வேண்டும். குனிந்து வணக்கம் சொன்னேன். (இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.)

ஜெபராஜ் அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. தாம்பரம் வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே மொத்தத்தையும் நடித்துக் காட்டினான். அன்றிலிருந்து நான் வெங்காயம் நறுக்கினாலும், மகள் பள்ளி விழாவில் கண் கலங்கினாலும் வீட்டில் ஒரே கேள்விதான்: "தைலமா?"

போன டிசம்பரில் ஜெபராஜ் குடும்பத்தோடு கனடா கிளம்பினான். வழியனுப்ப விமான நிலையம் போயிருந்தோம். தள்ளுவண்டியில் பெட்டிகளுக்கு மேல் அவனுடைய ட்ரம்பெட் பை. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவன் வாசித்துத்தான் நான் ஒரு நாள் பெரிய கலைஞனாக இருந்தேன். அதை அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கண் நிறைந்துவிட்டது. அவன் பார்த்துவிட்டான்.

"இன்னா மச்சான், தைலமா?"

"ஆமாண்டா, தைலம்தான்" என்றேன்.