கழுத்துச் சித்தரின் பாவக்கல்

திருநெல்வேலியில் அல்வாவுக்கு நிற்கிற கூட்டத்தையே தோற்கடித்த ஒரே ஆள் கழுத்துச் சித்தர்தான். டவுணில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே கழுத்து வலித்தவர்கள், வலிக்கப் போகிறவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்து எட்டிப் பார்த்தே வலி வாங்கிக்கொண்டவர்கள்!

கழுத்து ஏன் வலிக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து செல்போன் பார்ப்பதாலா? சேச்சே! போன பிறவிப் பாவம் பிடரியில் சம்மணம் போட்டிருக்கிறதாம். மேடையில் கம்பளம் விரித்த பீடம், அதன்மேல் ஒரு கறுப்புப் பாவக்கல். அதில் கட்டிய பட்டையைத் தலையில் மாட்டிக் கழுத்தால் தூக்க வேண்டும். முதல் தடவை அசையாது. தட்டில் காணிக்கை விழுந்து, சித்தர் விபூதி பூசியபின் தூக்கினால், அடடா, பஞ்சு! "கழுத்துக்குப் பலம் வந்துட்டு!" என்று கூட்டம் குதிக்கும். முதல் தடவை முக்கி இழுத்ததில் தலையைத் திருப்ப முடியாமல் போனவர்களும் உண்டு. அவர்களெல்லாம் பெரும்பாவிகள் என்று தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

துணிக்கடை கொம்பையா அண்ணாச்சியின் மகள் கோமு, மல்யுத்தக்காரி. அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் மாநில அணிக்குத் தேர்வு. மல்யுத்தத்துக்குக் கழுத்துதான் முக்கியம். பயிற்சியாளர் ஜெசி அவளை முதலில் உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளச் சொன்னார். அது பழகியபின்தான் தலைப்பட்டையில் சின்ன எடை. வெடுக்கென்று இழுக்கக் கூடாது, வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. நேரே ஜிம்முக்கு வந்தார்.

"என்னம்மா இது, பூனைக்குட்டி கணக்கா ஒரு எடை! சித்தர்ட்ட போனா ஒரே நாள்ல பலம் வந்துரும்லா."

"அந்தக் கல்லை வெடுக்குன்னு இழுத்தா இவ கழுத்து போயிரும் அண்ணாச்சி. தேர்வும் போயிரும்."

"அதெல்லாம் அவரு பாத்துக்கிடுவாரு. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு அவருக்கு மௌன விரதம்லாப்பா," என்றாள் கோமு.

ஜெசி சிரித்துவிட்டார். "நாளைக்கு டவுண்ல மாசாந்திர கரண்ட் கட்டு. போன மாசமும் இங்கன ஃபேன் ஓடாத அன்னைக்குத்தானட்டி அவரு மௌனம்?"

மகான்கள் பஞ்சாங்கம் பார்த்து விரதம் இருப்பார்கள். இவர் மின்தடை பார்த்து இருக்கிறார்!

அண்ணாச்சி அசரவில்லை. மின்சாரம் வந்த மறுநாள் மகளை மேடையேற்றிவிட்டார். சித்தர் பட்டையைக் கோமுவின் தலையில் மாட்டிவிட்டுத் தன் ஆசனத்தில் உட்கார்ந்தார்.

"முழுப் பலத்தோட வெடுக்குன்னு இழு தாயி!"

"நில்லுட்டி!" பின்னாலேயே வந்த ஜெசி மேடையில் ஏறினார். "சாமி, கல்லைத் தரையில இறக்கி வைங்க. அவ அங்கன தூக்கட்டும்."

"பீடத்தை விட்டு இறக்குனா பூமி தாங்காது!"

"சரி, பூமி பிழைச்சுப் போகட்டும்." ஜெசி மண்டப மேனேஜர் பக்கம் திரும்பினார். "அப்பாத்துரை அண்ணே, மெயினை அணைங்க."

"ஏலே, அணைக்காத!" சித்தர் துள்ளி எழுந்தார். முக்காலமும் உணர்ந்தவர் மெயின் சுவிட்சுக்கு இப்படி நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அப்பாத்துரை, சாமி குத்தமாகிவிடுமோ என்று விழித்தார். அண்ணாச்சி சித்தரைப் பார்த்தார். பட்டை மாட்டி நிற்கும் மகளைப் பார்த்தார்.

"சக்திக்கு எதுக்குவே கரண்டு? என் புள்ள கழுத்துவே அது! அணையும்வே!"

விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றது. கோமு பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பாவக்கல்லை ஒரே கையால் தூக்கி அப்பாவின் கையில் கொடுத்தாள். உள்ளே வெறும் கூடு. அடியில் ஓர் இரும்புத் தகடு. கம்பளத்தை விலக்கினால் மின்காந்தம், அதன் பொத்தான் சித்தரின் காலடியில். அமுக்கினால் கல் ஒட்டிக்கொள்ளும். காணிக்கை விழுந்ததும் கால் எடுபடும், பாவம் விடுபடும்!

பின்வாசலுக்கு ஓடிய சித்தரைக் கூட்டம் அமுக்கிப் போலீஸில் ஒப்படைத்தது. அந்த ரகளையிலும் ஒருவர், "அப்பம் என் பாவம் இன்னும் போகலியா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தார்.

கல்லை வைத்துக்கொண்டு நின்ற அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சோம்னு ராப்பகலா யோசிச்சேனட்டி. இந்தக் கல்லுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒரு தடவகூட யோசிக்கலியே!"

கழுத்துக்குப் பயிற்சி கொடுங்கள், ஐயா. நல்லது. அப்படியே, அதற்கு மேலே இருப்பதையும் தினம் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது!