கெட்டிமேளத்துக்கு நடுவே சர்வர் படுத்த கதை

கல்யாண வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவர்களைச் சந்தனம் கரைக்க உட்கார வைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. என் அண்ணன் முரளியின் கல்யாணத்தில் அந்த முன்யோசனை யாருக்கும் இல்லை. நேரடி ஒளிபரப்பை என்னிடம் கொடுத்தார்கள். (கொடுத்தார்கள் என்ன, நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.)

ஒளிபரப்பு வெறும் பெருமைக்கு இல்லை. மணப்பெண் சரளாவின் அப்பா எத்திராஜ் மாமா துபாயில் ஃபோர்மேன். கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். ஒரே பெண். அங்கே நாம் போடுகிற வீடியோ கால் எல்லாம் போகாது. பேசலாம், முகம் பார்க்க முடியாது. அதனால் நான் ஒரு லிங்க் அனுப்புவேன், தட்டினால் பாகாலா பெண்ணுக்கும் நகரிப் பையனுக்கும் திருப்பதி மண்டபத்தில் நடக்கும் கல்யாணம் அவர் கைக்குள் தெரியும் என்று ஏற்பாடு.

போட்டோகிராபர், "எதுக்கு மேடம் கஷ்டம், என் போன்லயே லைவ் போட்டுடறேன்" என்றார். மூலிகை விற்க வந்தவரை டாக்டர் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தேன்.

அப்போது நான் திருப்பதியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல நடிக்க வைப்பதுதான் எங்கள் வேலை. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி மெஷின் என்றே நம்பும். வெளியே நிஜ மெஷின் ஒன்றுதான். அந்த வித்தையில் எனக்கு அப்படி ஒரு மயக்கம். நண்பன் ஒருவனிடம் பழைய சர்வரை இரவல் வாங்கி, மேடைக்குப் பின்னால் பாத்திரங்கள் அடுக்கிய அறையில் நிறுத்தினேன். அதற்குள் இரண்டு மெஷின்கள்: ஒன்று துபாய்க்குப் படம் அனுப்ப, இன்னொன்று பந்தி ஹாலில் இருந்த பெரிய டிவிக்கு. போட்டதும் அது கத்திய கத்தலில் சமையல்காரர் எட்டிப் பார்த்து, "கிரைண்டர் எங்களுக்காம்மா?" என்றார்.

காலையில் சோதித்தபோது படம் விக்கி விக்கி வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்ல ஒரு சின்னப் பாடம் வேண்டும்.

பந்தி பரிமாறுவதில் கைதேர்ந்தவர், நாம் கேட்பதற்கு முன்பே ரசத்தோடு வந்து நிற்பார். ப்ராசஸரும் அப்படித்தான். அடுத்து என்ன கேட்பார்கள் என்று ஊகித்து முன்கூட்டியே செய்து வைக்கும். ஊகம் தப்பினால் செய்ததை அழித்துவிடும். ஆனால் இலையில் கறை மாதிரி ஒரு தடயம் மிஞ்சும். கெட்டிக்காரத் திருடன் அந்தக் கறையைப் பார்த்தே பக்கத்து இலைக்காரரின் ரகசியத்தைச் சொல்லிவிடுவான். அதனால் ப்ராசஸருக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு ரிஜிஸ்டர் வைத்திருக்கிறார்கள். 'இந்த இடத்தில் ஊகிக்காதே' என்று சொல்கிற சுவிட்ச். விர்ச்சுவல் மெஷின் அதைத் தொடப் போனால், நிஜ மெஷின் அதைத் தடுத்து நிறுத்தி, விசாரித்து, தானே அதைப் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்பும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை இந்த விசாரணை நடந்தால் படம் விக்காமல் என்ன செய்யும்?

வழி ஒன்று உண்டு. அந்த ஒரு ரிஜிஸ்டரை மட்டும் விர்ச்சுவல் மெஷினே நேரடியாகத் தொட அனுமதிப்பது. படம் அனுப்பும் மெஷினுக்கு அந்த அனுமதியைக் கொடுத்தேன். அதற்கான பிட்டை, அதாவது ஒரே ஒரு 1-ஐ 0 ஆக, மாற்றி மெஷினை மறுபடி எழுப்பினேன். படம் எண்ணெய் மாதிரி வழிந்தது.

இன்றைக்கும் அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. தான் கற்பனை என்றே தெரியாத ஒரு மெஷின், நடுவில் யாரும் இல்லாமல், நிஜச் சிலிக்கானின் காவல் சுவிட்சைத் தானே போட்டு அணைக்கிறது. என் விரல் நகத்தைவிடச் சிறிய இடத்தில், நான் கண் சிமிட்டுவதற்குள் நூற்றுக்கணக்கான தடவை. பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து, அண்டாக்களுக்கு நடுவே, கோயில் கருவறையைப் பார்ப்பதுபோல அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். நாத்தனார் நான், பெண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடிக்க வேண்டியவள். வெளியே அத்தை கத்திக்கொண்டிருந்தாள், "மாலதி எங்கடி பூட்டா? விளக்க யாரு புடிக்கறது?"

"தோ வரேன் அத்தே!" என்று சொல்லிவிட்டு, பந்தி ஹால் டிவியின் மெஷினுக்கும் அதே வரத்தைக் கொடுக்கப் போனேன். அவசரத்தில் ஒரு பிட்டை மாற்ற வேண்டிய இடத்தில் ஒரு வரிசையையே மாற்றிவிட்டேன். ஒரு பீரோவுக்குச் சாவி கேட்டவளிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுத்த மாதிரி. அந்த மெஷின் சந்தோஷமாக எழுந்தது. எழும்போதே எல்லா ரிஜிஸ்டரிலும் தன் இஷ்டத்துக்கு எழுதியது. அவற்றில் ஒன்று நிஜ மெஷின் தன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த ரிஜிஸ்டர்.

திரை அப்படியே உறைந்தது. சரியாக அப்போது வெளியே, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மண்டபமே அதிர்ந்தது. அந்த அதிர்வையும் மீறிச் சரளாவின் அம்மாவின் குரல் கேட்டது. காதில் போன், அந்தப் பக்கம் மாமா. "இன்னாது? படம் கருப்பா கீதா? ஒண்ணுமே தெர்லியா?"

ஓடி வந்து கதவிடுக்கில் பார்த்தேன். அண்ணன் தாலியைக் கழுத்தருகே கொண்டுபோயிருந்தான். சரளா தலையைக் குனியவில்லை. வலது கையைத் தூக்கி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க நைனா பாக்காம கட்டக் கூடாது."

"சரளா, எல்லாரும் பாக்கறாங்க..." என்றான் அண்ணன்.

"பாக்கட்டும். நைனா பாக்கணும்."

புரோகிதர், "அம்மா, முகூர்த்தம் தாட்டிப்போதுந்தி!" என்றார். (முகூர்த்தம் தாண்டுகிறதாம். என் காதில் அது 'உன் ஆயுசு தாண்டுகிறது' என்று விழுந்தது.)

போட்டோகிராபர் பெருந்தன்மையோடு தன் போனை எடுத்தார். முதல் தடவை லைவ் போட நாளை வரை காத்திருக்கச் சொல்லியது ஆப்.

நான் பவர் பட்டனை அழுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சர்வர் எழுந்திருக்கிற அழகு தெரியுமா? முதலில் விசிறிகள் ஊளையிடும். பிறகு மெமரியை நெல் அளப்பதுபோல நிதானமாகச் சரிபார்க்கும். யாருக்குக் கல்யாணமானால் அதற்கென்ன?

வெளியே நிலைமை இது: கெட்டிமேளம் ஆரம்பித்தால் தாலி ஏறாமல் நிறுத்தக் கூடாது. தவில்காரர் மேடையை ஒருமுறை பார்த்தார், பெண்ணின் கையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம், "உடாத, வாசி" என்றார். அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் முடியவேண்டிய மேளம் நிற்கவே இல்லை. அட்சதையைக் கையில் மூடிக்கொண்டு மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. நாதஸ்வரக்காரரின் கன்னங்கள் சிவந்தன. தவில்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேளம் மட்டும் ஒரு இழைகூடத் தளரவில்லை. சரளாவின் கையும் இறங்கவில்லை. அவளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று தோன்றியது.

சர்வர் எழுந்தது. இந்த இடத்தில் என் மூளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த நிலைமையிலும் அது, 'சரியான பிட்டை மாற்றி நேரடி அனுமதியோடே எழுப்பினால் என்ன?' என்றது. கை கீபோர்டுக்குப் போய்விட்டது. அண்ணன் கத்தினான்:

"மாலதி! எப்டியாவது வந்தா போதும்டி! விக்கிக்கினு வந்தாலும் பரவால்ல!"

எல்லா அனுமதியையும் பிடுங்கினேன். பழையபடி ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டுத் தொடு என்று விட்டேன். படம் போக ஆரம்பித்தது. திரையின் மூலையில் 'பார்ப்பவர்: 0'. பிறகு 'பார்ப்பவர்: 1'.

அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலைவனத்து ஓரத்தில் எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் ஒரு மனிதர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆள்தான் அந்த ஒன்று.

"தெரியுதாம்! தெரியுதாம்!" என்று சரளாவின் அம்மா கத்தினாள். சரளா கையை எடுத்தாள். தலை குனிந்தாள். எங்கள் பக்கம் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையேதான் போடுவான். போட்டான். நானில்லாத குறைக்கு அத்தை விளக்குப் பிடித்தாள். அட்சதை மழையில் தவில்காரர் குச்சியை வைத்துவிட்டு, தன் கைகளையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டார். புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்து, முகூர்த்தம் இன்னும் கொஞ்சம் மிச்சம் என்றார்.

போனில் மாமா மூக்கை உறிஞ்சினார். அழுதுகொண்டிருந்தார் போலிருக்கிறது. பிறகு என்னைக் கேட்டார். வாங்கினேன்.

"நல்லாத் தெரிஞ்சுதும்மா. மொத முடிச்சி பாத்தேன். அப்பறம் படம் அப்டியே நின்னு போச்சி. திரும்ப வந்தப்போ மூணாவது போட்டுக்கினு இருந்தாரு. ரெண்டாவது போட்டாரா?"

"போட்டாரு மாமா, சத்தியமா."

"நீ சொன்னா சரிதான்" என்றார், நம்பாத குரலில்.

இப்போது மாமா துபாயை விட்டு ஊரோடு வந்துவிட்டார். கல்யாண வீடியோவை இதுவரை முழுசாகப் பார்த்ததில்லை. கெட்டிமேளம் வந்ததும் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார். "லைவ்ல வராதது வராததுதான்." அண்ணனும் அண்ணியும் சண்டை போட்டுக்கொண்டால் அண்ணி கடைசியில் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவாள். அவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, நிதானமாகத் தீர்ப்புச் சொல்வார்:

"எனக்குத் தெரிஞ்சி ரெண்டு முடிச்சிதான். மீதியை மாலதியக் கேளுங்க."