நெற்றி ஞானியின் கட்டைவிரல்

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம்! பரீட்சை நெருங்கினால் நெற்றி ஞானி வீட்டு வாசலில் தெருவே அடைத்துக்கொள்ளும். பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலை வைத்தால் போதுமாம், படிப்பு எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று புட்டுப்புட்டு வைப்பாராம். மருந்து? தலையில் கட்ட ஒரு செம்புப் பட்டை. விலையைக் கேட்டால் நமக்குத்தான் தலை சுற்றும்.

பஸ் டிரைவர் ஒருவர் தன் ஒரே மகளைக் கூட்டிப்போனார். இந்தத் தடவையும் கணக்கில் தோற்றால் அதே வகுப்புதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மனிதர் கலங்கிப் போயிருந்தார்.

ஞானி விரலை வைத்தார். "வாய்ப்பாடு இவளுக்கு ஆகாது. கடைசி பெஞ்சுல உக்காருறா."

"அச்சு அசலா சொல்லிட்டாரு! பெத்த எனக்கே தெரியாது!" என்று வீட்டுக்கு வந்து மச்சினியிடம் பூரித்தார் டிரைவர். அதில் என்ன பெருமையோ!

மச்சினி குழந்தையைத் தனியே கூப்பிட்டாள். "அங்க என்னடி நடந்துச்சு?"

"முன்னறையில ஒரு அக்கா பிஸ்கெட் குடுத்து, எது கஷ்டம், எங்க உக்காருவேன்னு எல்லாம் கேட்டாங்க சித்தி. அப்பாவை வேற ரூம்ல உக்கார வச்சுட்டாங்க."

சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டை கட்டும் நாளில் ஞானி இன்னொரு தரம் நெற்றியைப் பார்ப்பாராம். அன்றைக்கு அவளும் ஒட்டிக்கொண்டாள். போகும் வழியில் குழந்தையின் காதில் ஏதோ ஓதினாள்.

ஞானி கண்ணை மூடினார். "ஆகா, தெரியுது! இவ அண்ணன் கணக்கு நோட்டைக் கிழிக்கிறான்."

"எந்த அண்ணன்? எனக்கு ஒத்தைப் பொண்ணுங்க!" என்றார் டிரைவர்.

"அது... போன பிறவி அண்ணன்."

"போன பிறவியிலேர்ந்து வந்து நோட்டைக் கிழிக்கிறானா?" சித்தி கதவைத் திறந்து வாசலுக்கே கேட்கக் கத்தினாள். "எங்க புள்ள பிஸ்கெட் அக்காகிட்ட சொன்ன பொய்யை இவரு அப்படியே ஒப்பிக்கிறாருங்க! உங்க புள்ளைங்களையும் கேட்டுப் பாருங்க!"

கேட்டார்கள். பிள்ளைகள் சொன்னார்கள். ஞானி பின்கதவைத் தேடி ஓடினார். கூட்டமும் சும்மா விடுமா?

டிரைவர் மட்டும் மகளிடம் குனிந்தார். "கணக்குல உனக்கு என்னம்மா புரியல?"

"வாய்ப்பாடு மட்டுமில்லப்பா, பின்னம் வந்ததிலேர்ந்து ஒண்ணுமே புரியல. நீங்க கேக்கவே இல்லையே."

அன்று சாயங்காலமே ஒரு காகிதத்தை நாலாகக் கிழித்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

பெற்றவர்களே! உங்கள் பிள்ளையின் மனத்தில் இருப்பதை எவனோ சொல்லி நீங்கள் வாயைப் பிளந்தால், அதிசயம் அவனிடம் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் கேட்காமலே இருந்தீர்களே, அதுதான் அதிசயம். கொஞ்சம் யோசியுங்கள்!