மறதிக்கு ஒரு விளக்கம்

மறந்துவிட்டு அசடு வழிகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அப்பாவிகள், விட்டுவிடுவோம். மறந்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அதற்கு அறிவியல் விளக்கமும் கொடுக்கிற இனம் ஒன்று உண்டு. நம் ஆய்வாளர் அதில் முதல் தரம்.

முதுமையில் வரும் மறதி நோய்க்கு மரபணுவில் எந்த எழுத்து மாறினால் ஆபத்து, எது மாறினாலும் பாதகமில்லை என்று தரம் பிரிப்பது அவர் வேலை. இரண்டிலும் சேராததை 'நிச்சயமில்லை' என்று போட்டுவைப்பார்கள். புதுக் கருவியைச் சரிபார்க்க ஒருநாள் தம் ரத்தத்தையே கொடுத்தார். ஓர் எழுத்து மாறியிருந்தது. தரம்? நிச்சயமில்லை.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் போனது உண்மை. மறுநாள் பால் வாங்க மறந்து வெறுங்கையோடு வந்தவர், மனைவி வாயைத் திறப்பதற்குள், "என் கையில என்ன இருக்கு? எல்லாம் மரபணு" என்றார். மனைவியின் கண் கலங்கிவிட்டது. அடடா, இவ்வளவு நல்ல சமாதானம் கைவசம் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் திட்டு வாங்கினோமே! அன்றிலிருந்து ஒழுகும் குழாய், கரண்ட் பில், மச்சினன் கேட்ட உதவி, மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போவதாகச் சொன்னது எல்லாமே வரிசையாக மறந்துபோயின.

"மேட்ச் ஆரம்பிக்கிற நேரம் மட்டும் மறக்கலையே?" என்று மனைவி ஒரு நம்பிக்கையோடு கேட்டார்.

"அது மூளையில வேற பக்கம்."

சுகம் நீடிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஞாபகசக்தி குறையாத முதியவர்களின் ரத்தத்தைச் சேகரித்தார்கள். அதே மாற்றம் அவர்களில் ஏராளமான பேருக்கும் இருந்தது. கூட்டத்தில் ஆய்வகத் தலைவி கேட்டார்: "இதைப் பாதகமில்லைன்னு மாத்திடலாமா?"

"இன்னும் கொஞ்சம் ஆதாரம் கிடைச்சா..." என்று இழுத்தார் ஆய்வாளர்.

"இன்னும் எத்தனை பேர் சார் வேணும்?"

வேலையில் பொய் சொல்ல வராத மனிதர், பாவம். தம் கையாலேயே மாற்றினார். இந்த மாற்றத்தால் நோய் வராது என்று கேட்டு இப்படி இடிந்துபோன ஒருவரை அந்த அறை அதற்குமுன் கண்டதில்லை.

வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது என்ற முடிவோடு செருப்பைக் கழற்றினார். கூடத்தில் மாமியார். வயது எண்பத்தெட்டு. மகள் சொல்லி, ரத்தம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"வாங்க மாப்பிள்ளை. உங்களுக்கு மாறின அதே எழுத்து எனக்கும் மாறியிருக்காம், உங்க ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணிச் சொன்னாங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கே! கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு நீங்க மூணு தடவை சொன்னீங்க. கல்யாணத்தன்னிக்கு என் பொண்ணைப் பத்தி என்ன சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?"

மனைவி ஓடிவந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நிஜமாவே உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" இத்தனை மாதமும் மனைவி பயந்துகொண்டே இருந்திருக்கிறார். ஆய்வாளருக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, குழாய் திருகும் ஸ்பானரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காருமுன் உள்ளிருந்து உங்களிடம் ஒரு வேலை சொன்னார்களே, அது என்ன? மரபணுவை இழுக்காமல் எழுந்து போங்கள்.