அர்பாபின் விமானமும் என் எலுமிச்சம்பழமும்

புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். சைக்கிள் முதல் லாரி வரை எங்கள் சேலத்தில் இதற்கு விதிவிலக்கு கிடையாது. விமானத்துக்கு எப்படி என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. (பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள்தான். இந்தப் பாடம் வரவில்லை.)

இரண்டாயிரத்துகளின் நடுவில் நாங்கள் துபாயில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவருடைய முதலாளியை எல்லோரும் அர்பாப் என்பார்கள். அர்பாபுக்கு விமானம் ஓட்டத் தெரியும். ஒருநாள் பெட்டி பெட்டியாக அவருக்கு ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியது. இரண்டே பேர் உட்காரலாம். கல், மணல், காடு, மேடு எங்கே வேண்டுமானாலும் இறங்கும். மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியவர் என் வீட்டுக்காரர்.

அர்பாப் முதலில் பறக்கும்போது பக்கத்து சீட்டில் யார்? "பூட்டினவன்தான் உட்காரணும்" என்று சொல்லிவிட்டாராம். மாட்டேன் என்றால், ஏதோ போல்ட்டை முறுக்காமல் விட்டிருக்கிறான் என்றுதானே நினைப்பார்? வேலை போகும், விசா போகும். சரி என்றால்? அதை நினைத்து எனக்குத் தூக்கம் போனது.

பர் துபாய் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிவந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பழத்தின் மேல் குங்குமத்தையும் அப்பி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. பாலைவனத்தில் ஒரு மணல் ஓடுபாதை. வாலைத் தரையில் வைத்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது விமானம். அதன் டயர்கள் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பலூன் மாதிரி உப்பியிருந்தன.

"என்னங்க, அர்பாப் வர்றதுக்குள்ள பழத்த வெச்சுடலாம்."

"சுமதி, மானத்த வாங்காத." சொல்லிக்கொண்டே விமானத்தைத் தள்ளினார். அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

பழம் மணலுக்குள் புதைந்து, முழுசாக வெளியே வந்தது. ஒரு பலகையை அடியில் போட்டுத் தள்ளினோம். டயர் பழத்தைத் தலையணை மாதிரி அணைத்துக்கொண்டு, பத்திரமாக விட்டுவிட்டு நகர்ந்தது. காற்றைக் குறைவாக அடித்த மெத்தென்ற டயர். கூரான கல்லையே குத்துப்படாமல் தாண்டிவிடும். அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு என்று பரீட்சையில் எழுதியவள், அப்போது நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: சகுனம் சரியில்லை.

கூட வேலை செய்யும் கான் பாய் வாலைப் பிடித்தபடி சிரித்தார். "பாபி, நிம்பு பாஸ், டயர் ஃபெயில்!" எலுமிச்சம்பழம் பாஸாம்.

"நீங்க போகக் கூடாது" என்று அழுதேன். இடுப்பிலிருந்த எங்கள் பையனும் எனக்குத் துணையாக அழ ஆரம்பித்தான்.

"போகலேன்னா நாளைக்கு டிக்கெட்தான். ஊருக்கு."

அப்போதுதான் அர்பாப் வந்தார். பால் வெள்ளையில் கந்தூரா அங்கி. பலகையின் மேலிருந்த பழத்தைப் பார்த்து, "ஷூ ஹாதா?" என்றார், இது என்ன என்று.

"இண்டியன் செக்கிங், அர்பாப்" என்றார் என் வீட்டுக்காரர்.

அர்பாபுக்கு எதையும் கிட்டப் போய்ப் பார்க்கும் பழக்கம். குனிந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. குழந்தையை இவர் கையில் திணித்துவிட்டு, டூல் பாக்ஸிலிருந்த ரப்பர் சுத்தியலை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்து ஓங்கி ஒரு அடி.

கண்ணை மூடிக்கொண்டது நான் மட்டும்தான்.

அர்பாப் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். கந்தூரா நெஞ்செல்லாம் எலுமிச்சைச் சாறும் குங்குமச் சிவப்பும். தூரத்தில் நின்ற அர்பாபின் டிரைவர் ரத்தம் என்று நினைத்து "யா அல்லா!" என்று ஓடிவந்தார். வண்டியிலிருந்த தண்ணீர் பாட்டில்கள் அத்தனையும் காலி. நான் "சாரி சார், சாரி சார்" என்று, பதற்றத்தில் ஆள் மாறி, கான் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு கண்ணைப் பாதி திறந்தார் அர்பாப். "கலாஸ். இன்று பறப்பது மாஃபி." அரபியில் கலாஸ் என்றால் முடிந்தது, மாஃபி என்றால் இல்லை.

பறப்பது மட்டும்தானா, வேலையும் மாஃபியா? வீடு வரைக்கும் எனக்கு இதே கேள்விதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இவரை மட்டும் வரச் சொல்லி ஆள் வந்தது. கணக்கு முடிக்கத்தான் என்று நான் பெட்டியைக்கூட இறக்கி வைத்துவிட்டேன். மதியம் இவர் தலைமுடியெல்லாம் மணலோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார்.

விமானத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டதும், அர்பாப் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்த்தாராம்.

"மேடம் மாஃபி?"

"மாஃபி, அர்பாப்."

"யல்லா!" போகலாம் என்று உடனே கிளப்பிவிட்டாராம்.

அன்று இடுப்பில் இருந்தவன் இப்போது கார் ஓட்டுகிறான். சாவியைத் திருகுவதற்கு முன்னால் தினமும் அப்பாவைப் பார்த்து, "மேடம் மாஃபி?" என்கிறான். அவரும் "மாஃபி, யல்லா" என்கிறார். நான் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.