கோரைக்குள் நின்ற உருவம்

கல்யாணம் நிச்சயமான ஆண் எதற்கும் தலையாட்டுவான். "அம்மாவுக்குத் தட்டான்னா உசுரு. ஞாயித்துக்கெழம ஏரிக்குப் போறோம், நீங்களும் வாங்க. நல்ல பேரு கெடைக்கும்" என்றாள் செல்வி, எனக்கு நிச்சயித்த பெண். "எனக்கும் தட்டான்னா ரொம்பப் புடிக்கும்" என்றேன். (சின்ன வயதில் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டதோடு சரி.)

மார்கழிக் காலை. குறிஞ்சிப்பாடி பக்கத்து ஏரியில் பனி மூடி, தண்ணீர் எது வானம் எது என்று தெரியவில்லை. கரையில் யாருமில்லை. அவர்கள் வருவதற்குள் ஒரு தட்டானையாவது கண்டுபிடித்து அசத்தலாம் என்று கோரைக்குள் இறங்கினேன்.

தண்டுகளில் பூச்சிகள் ஒட்டியிருந்தன. ஒன்றைத் தொட்டேன். முதுகு பிளந்த வெறும் தோல். காலும் கண்ணும் மட்டும் அப்படியே. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். திரும்பிய பக்கமெல்லாம் காலிக் கண்கள். தவளைகூடக் கத்தவில்லை.

அப்போது ஒரு பெண் குரல், காதருகே. "வா... வெளிய வா... பயப்படாத..."

கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளையாக ஓர் உருவம் தண்ணீரில் நின்றது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வலை. மெதுவாக ஒரு விரலை என் பக்கம் நீட்டியது.

பேய்க்குச் செருப்பு ஆகாது என்று யாரோ சொன்ன ஞாபகம். கழற்றி எறிந்தேன். (கிரிக்கெட்டில் ஒருநாளும் ஸ்டம்பில் அடித்ததில்லை; அன்று குறி தப்பவில்லை.) அதே வேகத்தில் ஒரு கோரையைப் பிடித்து, அது ஒடிந்து, சேற்றில் உட்கார்ந்தேன்.

பேய் கொசுவலைத் தொப்பியைத் தூக்கியது. செல்வியின் அம்மா. நெற்றியெல்லாம் சேறு.

"அத்தை... நான்... பேய்னு..."

"அசையாதீங்க!" அவர் பார்த்தது என்னை அல்ல, என் கையிலிருந்த தண்டை. அதில் தோலைவிட்டு அப்போதுதான் வெளியே வந்த ஊசித்தட்டான் ஒன்று ஈர இறகோடு தொங்கியது. "இதுகிட்டத்தான் பேசிட்டிருந்தேன். தண்ணில உளுந்தா செத்துடும். இறகு காயிற வரைக்கும் அப்படியே புடிச்சிக்குங்க."

பிடித்திருந்தேன். காலில் அட்டை ஏறியது. கத்தவில்லை. கல்யாணமே அந்தத் தண்டில் தொங்குவதாகப் பட்டது. பனி விலகி வெயில் வந்து, அது எழும்பிப் பறந்தபோது எனக்குக் கை மரத்துப்போயிருந்தது.

"பயந்தாங்கொள்ளிதான். ஆனா ஒரு பூச்சிக்காக உக்காந்தாரு பாரு, தேதி குறிச்சிடலாம்" என்றாராம் மகளிடம்.

இப்போதும் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பார்: "மாப்ள, மனுஷிதான் வந்திருக்கேன். கதவத் தெறங்க!"

காரணம் தெரியாத எதிர்வீட்டுக்காரர், அவரைக் கண்டால் முதலில் காலைத்தான் பார்க்கிறார்.