அடுப்பு தருபவரை அழைத்துவரப் போனேன்

ஒருவரை அழைத்துவரப் போகிறவன் முதலில் அவருடைய பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாமல் போனது.

அந்த வருட மழையில் வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. நாங்கள் என்றால், இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, முகாமைவிட்டு வெளியேறி, அங்கே வாடகைக்கு இருந்த சில குடும்பங்கள். தண்ணீர் வடிந்தபோது எங்கள் கேஸ் அடுப்புகள் எல்லாம் சேறு குடித்திருந்தன. தப்பியது மாடியில் இருந்த மலர் அக்காவின் அடுப்பு ஒன்றுதான். அதில் முறைவைத்துச் சமைத்தோம். (எங்கள் முறை வரும்போது மதியச் சாப்பாட்டுக்கு விளக்குப் போட வேண்டியிருக்கும்.)

அடுப்புகளுக்குப் பணம் திரட்ட மயிலாப்பூரில் சின்ன மண்டபம் பிடித்து, இடியாப்பமும் சொதியும் சம்பலுமாகக் காலை விருந்து ஒன்று ஏற்பாடு செய்தோம். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர், "நீங்க எத்தனை அடுப்பு வாங்குறீங்களோ, அத்தனை நானும் தர்றேன்" என்று மலர் அக்காவிடம் போனில் சொல்லியிருந்தார். அவர்தான் விழாத் தலைவர். அவருடைய கார் பழுதாகியிருந்ததால் அழைத்துவர என்னை அனுப்பினார்கள்.

"தம்பி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாம்பலம் ஸ்டேஷன் வாசலில நிப்பார். உன்ர நம்பரும் குடுத்திருக்கிறன். கவனம்" என்றார் அக்கா.

"எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும் அக்கா." (எப்படித் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.)

அன்று முகூர்த்த நாள். ஆட்டோவில் போய் இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் பாதிப் பேர் வெள்ளை வேட்டி. அவர்களில் ஒருவர் மட்டும் நெற்றிச் சந்தனம் கலையாமல், ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இந்தக் கம்பீரம் முதலாளிக்குத்தான் வரும் என்று தீர்மானித்தேன்.

"ஐயா, மயிலாப்பூர் மண்டபம்..."

"ஆமா தம்பி! வண்டி அனுப்புதோம்னாங்க. போன்ல சார்ஜும் இல்ல. அதான் பார்த்துக்கிட்டே நிக்கேன்" என்று ஏறிக்கொண்டார்.

பாண்டி பஜாரில் ஆட்டோ நகரவில்லை. அவர் தவித்தார். "பொம்பளையாளு எல்லாம் வந்தாச்சா?"

"விடியவே வந்து சமைக்கினம் ஐயா."

"அவங்களேவா சமைக்காங்க? சமையக்காரர் கிடையாதா?"

எங்கள் சிக்கனத்தை மெச்சுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் போன் அடித்தது. தெரியாத எண். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக்கும் என்று கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் செய்தேன்.

"எடுத்துப் பேசேன் நைனா. இன்னா இது, நொய்நொய்னுகினு" என்றார் ஆட்டோக்காரர்.

"பெரிய மனுசர் இருக்கேக்க போனில கதைக்கக் கூடாது அண்ணை" என்று அவருக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தேன்.

மண்டபத்தில் மாலை போட்டு மேடையேற்றினோம். அடுப்புக்குக் காத்திருந்த குடும்பங்கள் முன்வரிசையில் அவரையே பார்த்தன. அவர் மைக்கை வாங்கி, கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. ஒருத்தர் முகமும் தெரியலையே. பொண்ணு மாப்பிள்ளை எங்க?"

மலர் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். நகம் இறங்கியது. "தம்பி, இது ஆர்?"

அதே நேரம் அக்காவின் போன் அடித்தது. பாத்திரக்கடைக்காரர். போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "வெயில்ல நிக்க வெச்சதும் இல்லாம, உங்க ஆளு என் போனைக் கட் பண்றான்! நான் வரல. அடுப்பும் கிடையாது!"

மேடையில் இருந்தவர் நிலைமை இன்னும் மோசம். அவர் மயிலாப்பூரிலேயே வேறொரு மண்டபத்தில் காத்திருந்த கல்யாணப் பெண்ணின் தாய்மாமன். பையில் இருந்தது முகூர்த்தப் புடவை. "எங்கக்கா என்னைக் கொன்னே போட்டுருவா!" என்று மைக்கிலேயே அலறினார்.

நல்லவேளை, யாரும் காசு கொடுக்காததால் ஆட்டோக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "மண்டபம் எங்க கீது? குளத்தாண்டையா? குந்துங்க!" என்று ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாகப் பறந்தார். ஒரே காலையில் ஒரு தெருவின் அடுப்பையும் ஒரு கல்யாணத்தையும் அணைத்தவன் என்று என்னைப் பற்றி ஊர் பேசப்போகிறது என்று நினைத்தபடி அவர் பக்கத்தில் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தாய்மாமனின் அக்கா கல்யாண மண்டப வாசலிலேயே பையைப் பறித்துக்கொண்டார். எங்கள் மாலையோடு நின்ற தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, கல்யாணம் ஒனக்கா, அவளுக்கா?"

கெட்டிமேளம் கேட்கும்வரை அங்கேயே ஒளிந்து நின்றேன். பிறகு நேராகப் பாத்திரக்கடை. கல்லாவில் இருந்தவரிடம் முதலில் பெயரைக் கேட்டேன். பிறகுதான் நடந்ததைச் சொன்னேன்.

"நான் நின்ன மாதிரி நீயும் வெயில்ல நில்லு" என்றார்.

நின்றேன். மலர் அக்காவின் அடுப்புக்கு முன்னால் பாத்திரத்தோடு நிற்கும் அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிய பிறகு அவரே வெளியே வந்தார்.

"புடவை போய்ச் சேர்ந்துச்சா?"

"ஓம் ஐயா."

"தாலி?"

"கட்டியாச்சு."

அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, சொன்ன அடுப்பு வரும். ஆனா நீ எடுத்துட்டுப் போகாதே. வேற யார் வீட்லயாச்சும் இறக்கிடுவே."

அடுப்புகள் அவருடைய ஆளோடு பத்திரமாக வந்து சேர்ந்தன. என் பெயர்தான் சேதமானது. சில வருடங்கள் கழித்து, கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணை மலர் அக்காவிடம் கூட்டிப்போனேன். அக்கா கதவைப் பாதி திறந்து, என்னைத் தாண்டி அவளைப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, நீர் வேற எங்கயோ போக வெளிக்கிட்ட ஆளில்லைத்தானே?"

இன்றும் எங்களுக்குள் சண்டை வந்தால் என் மனைவி அதைத்தான் எடுக்கிறாள். அவள் வேறு மண்டபத்துக்குப் போக வேண்டியவளாம்.